தென்பெண்ணைக் கரையில் ஒரு சமூகவியல் வகுப்பு

2024 டிசம்பர் 2 அதிகாலையில், ஃபெஞ்சல் புயல் மழையால் நிரம்பி வழிந்த சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கும் மேல் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. மூங்கில்துறைப்பட்டைக் கடந்து திருக்கோவிலூர் வழியாகப் பாய்ந்த தென்பெண்ணை, போகிற வழியில் ஊர்களையும் வயல்களையும் மூழ்கடித்தது. மறுநாள் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்து இருவேல்பட்டு தொலைக்காட்சியில் வந்தது. நிவாரணம் வரவில்லை என்று மக்கள் சாலையில் உட்கார்ந்தார்கள். பார்வையிட வந்த அமைச்சர்மீது சேறு வீசப்பட்டது. இரண்டு நாள் அந்தக் காட்சியே திரும்பத் திரும்ப ஓடியது.

தமிழ்நாட்டில் மிக நீண்ட காலம் ஆராயப்பட்ட கிராமங்களுள் ஒன்று இந்த இருவேல்பட்டு. அதை முதலில் ஆராய்ந்தவர் ஒரு கல்லூரி மாணவர். விடுமுறையில் செய்துவரச் சொன்ன பயிற்சியாக அதைச் செய்தார்.

கில்பர்ட் ஸ்லேட்டர் 1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு இந்தியப் பொருளியல் பேராசிரியராக வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் ரஸ்கின் கல்லூரியின் முதல்வர். ரஸ்கின், பெயரைப் பார்த்து நாம் நினைத்துக்கொள்ளும் ஆக்ஸ்போர்டு அன்று. உழைக்கும் வர்க்கத்துப் பெரியவர்கள் படிப்பதற்காக 1899-ல் தொடங்கிய கல்லூரி. அங்கிருந்து வந்தவருக்குச் சென்னை மாணவர்கள் ஆங்கிலப் பாடநூலை உருப்போடுவது பொறுக்கவில்லை. ஒரு வினாத்தாளைத் தயாரித்துக் கையில் கொடுத்து, விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது உங்கள் ஊரைப் பற்றி இதற்கெல்லாம் விடை எழுதிக்கொண்டு வாருங்கள் என்றார். நிலம் யாரிடம், கூலி எவ்வளவு, கடன் யாரிடம், என்ன சாப்பிடுகிறார்கள், எத்தனை கிணறு, எத்தனை மாடு. 1918-ல் அவை நூலாக வந்தன. வடமலைபுரம், கங்கைகொண்டான், பாலக்குறிச்சி, தூசி, இருவேல்பட்டு ஆகிய தமிழ்நாட்டு ஊர்கள் அதில் உண்டு. இன்றும் ஆய்வாளர்கள் அவற்றை ஸ்லேட்டர் கிராமங்கள் என்றே சொல்கிறார்கள்.

இருவேல்பட்டின் முதல் கணக்கு 1916-ல் எடுத்தது. 1936-37-ல் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் ஸ்லேட்டர் கிராமங்களுக்குத் திரும்பப் போக ஏற்பாடு செய்தார்கள். 1961-ல் மார்கரெட் ஹாஸ்வெல் போனார். எஸ். குஹனும் ஜோன் மெஞ்சரும் மறுபடி போய் எழுதியது 1983-ல் வந்தது. 2008-ல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் போனார்கள். ரெட்டியார் குடும்பங்களிடம் நிலம் குவிந்து கிடந்த ஊரில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, தலித் குடும்பங்கள் அவர்களை அண்டிப் பிழைப்பது எப்படிக் குறைந்தது, ஊரின் வரும்படியில் விவசாயம் எப்படிப் பின்னுக்குப் போனது என்பதையெல்லாம் ஏறக்குறைய நூறாண்டுக்குத் தொடர்ச்சியாகச் சொல்ல முடிகிற ஊர் இந்தியாவிலேயே சிலதான். அந்தத் தொடர்ச்சியின் முதல் முடிச்சைப் போட்டது ஒரு வகுப்பறை.

சிறிய கல்லூரி ஒன்றில் சமூகவியல் படிப்பை எப்படி மதிப்பிடுவது, எப்படித் திட்டமிடுவது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரியவில்லை. இருவேல்பட்டிலிருந்து ஆற்றோடு மேலே ஏறினால் மூங்கில்துறைப்பட்டு. அங்கே ஒரு சமுதாயக் கல்லூரியில் சமூகவியல் சொல்லிக்கொடுப்பதானால் அந்தப் படிப்பு எதன்மேல் நிற்க வேண்டும் என்று யோசிப்பதே இந்தக் கட்டுரை.

சமுதாயக் கல்லூரி என்பது அமெரிக்காவிலிருந்து வந்த யோசனை. 1901-ல் ஜோலியட்டில் தொடங்கிய இரண்டாண்டுக் கல்லூரி அதன் முன்னோடி. அதிபர் ட்ரூமன் அமைத்த ஆணையம் 1947-ல் வெளியிட்ட அறிக்கை அந்தப் பெயரையும் கொள்கையையும் பரப்பியது. வீட்டிலிருந்து போய்வரும் தூரத்தில், குறைந்த கட்டணத்தில், வயது வரம்பு பாராமல் படிப்பு என்பதே கொள்கை. அங்கே சமூகவியல் அறிமுக வகுப்பு பொதுப்படிப்பின் ஒரு பகுதி. செவிலியராகப் போகிறவரும் மின்பணியாளராகப் போகிறவரும் அந்த ஒரு வகுப்பிலாவது உட்கார்ந்து எழுகிறார்கள். நம் பக்கத்தில் 1995-ல் புதுச்சேரியிலும் 1996-ல் சென்னையிலும் முதல் சமுதாயக் கல்லூரிகள் வந்தன. சேசு சபைக் குரு சேவியர் அல்போன்ஸ் இதை ஓர் இயக்கமாகவே நடத்தினார். தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பல இடங்களில் இவற்றுக்கு ஏற்பளித்தது. பள்ளியைப் பாதியில் விட்டவர்களுக்கும் கல்லூரிக்குப் போக வழியில்லாதவர்களுக்கும் ஓராண்டுப் பட்டயம். அதில் வாழ்க்கைத் திறன் கொஞ்சம், தொழில் திறன் கொஞ்சம், பிறகு ஒரு நிறுவனத்தில் நேரடிப் பயிற்சி. இதுதான் இங்கு நிலைபெற்ற வடிவம்.

இந்த வடிவத்தில் சமூகவியலுக்குத் தனி நாற்காலி கிடையாது. கணினி, தையல், மருத்துவ உதவியாளர், குளிர்பதனப் பெட்டி பழுதுபார்ப்பு என்று போகும் பட்டியலில், வாழ்க்கைத் திறன் என்ற தலைப்பின்கீழ் சமூகம், குடும்பம், தலைமைப் பண்பு என்று ஏதோ நாலு பாடமாக ஒட்டிக்கொண்டிருக்கும். வேலைக்கு உதவாத பாடம் எதற்கு என்று யாராவது கேட்டால் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான். அப்படி வெட்டக் கூடாது. பாடத்தின் கௌரவத்துக்காக இதைச் சொல்லவில்லை. மூங்கில்துறைப்பட்டு போன்ற இடத்துக்காகச் சொல்கிறேன்.

அந்த இடத்தைப் பாருங்கள். திருவண்ணாமலையிலிருந்து சங்கராபுரம் போகும் சாலையில், தென்பெண்ணைக் கரையில் உள்ள ஊர். கள்ளக்குறிச்சிக் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளில் முதல் ஆலை இங்கே இருக்கிறது; இரண்டாவது கச்சிராயபாளையத்தில். அரவை தொடங்கிவிட்டால் சுற்றுவட்டாரத்தின் பேச்சே வெட்டு உத்தரவு, வெட்டுக் கூலி, மறுதாம்பு, நிலுவை என்று மாறிவிடும். மேற்கே கல்வராயன் மலை. அங்கே மலையாளிப் பழங்குடி மக்கள். மூன்று ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த அந்த மலையை அரசு முழுமையாகத் தன் வசம் எடுத்தது 1976-ல். நாடு விடுதலை பெற்று 29 ஆண்டு கழித்து என்று கணக்குப் போட்டால் அதன் கனம் தெரியும். தெற்கே கள்ளக்குறிச்சியில் மரச் சிற்பம் செதுக்கும் குடும்பங்கள். அவர்களின் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது. ஆலைத் தொழிலாளி, கரும்பு விவசாயி, வெட்டாள், மலைக்குடி, கைவினைஞர் என்று இத்தனை வகைப் பிழைப்பும் ஒரு பேருந்துத் தூரத்துக்குள் இருக்கின்றன.

இவ்வளவும் இருந்தும் இந்த வட்டாரத்தைப் பற்றிய கணக்கு மிகக் குறைவு. மூங்கில்துறைப்பட்டு முதலில் தென்னார்க்காட்டில் இருந்தது. 1993-ல் விழுப்புரத்துக்குப் போனது. 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி மாவட்டம் ஆனது. கடைசியாக எடுத்த மக்கள்தொகைக் கணக்கு 2011-ஆம் ஆண்டினுடையது. அப்போது கள்ளக்குறிச்சி என்றொரு மாவட்டமே இல்லை. 2021-ல் எடுக்க வேண்டியது தள்ளிப்போய் 2027-க்கு வந்து நிற்கிறது. மாவட்டமாகப் பிறந்த பிறகு தன் மக்களை ஒருமுறைகூட முறையாக எண்ணிப் பார்க்காத மாவட்டம் இது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். அதற்குப் பிறகே கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலை பற்றி உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது. சாவு விழுந்தபின் வந்து கேட்ட கேள்விகள் அவை. கூலி எவ்வளவு, அதில் எவ்வளவு வீட்டுக்குப் போகிறது, கடன் யாரிடம், வெளியூர் வேலைக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று ஆண்டுதோறும் கேட்டு எழுதிவைக்க உள்ளூரில் ஒரு நிறுவனம் வேண்டும். ஒரு சிறிய கல்லூரியின் சமூகவியல் துறையால் அதைச் செய்ய முடியும். வேறு யாரும் அதற்காக அங்கே உட்கார்ந்திருக்கவில்லை.

மதிப்பீட்டுக்கு வருவோம். வழக்கமாக நடப்பது எல்லோருக்கும் தெரியும். சேர்க்கை எத்தனை, தேர்ச்சி விழுக்காடு எவ்வளவு, எத்தனை கருத்தரங்கு, எத்தனை மரக்கன்று. கோப்பு தடிக்கும், புகைப்படம் ஒட்டப்படும், குழு வந்து சாப்பிட்டுவிட்டுப் போகும். ஒரே ஓர் ஆசிரியரோ இருவரோ இருக்கும் துறையில் இந்தக் கோப்பு வேலையே பாடம் நடத்தும் நேரத்தைத் தின்றுவிடுகிறது. அந்த ஆசிரியரும் பெரும்பாலும் தொகுப்பூதியத்தில் இருப்பவர். அவரிடம் இன்னும் இருபது படிவம் கேட்பது அநியாயம்.

நான் கேட்க விரும்புவது மூன்றே கேள்விகள். சேர்ந்தவர்களில் யார் பாதியில் நின்றார்கள், எந்த மாதத்தில் நின்றார்கள்? படித்து முடித்தவர் இன்று, தெரியாத ஒரு தெருவுக்குள் போய், ஒரு வீட்டாரிடம் மரியாதையாகப் பேசி, கேட்டதைத் திருத்தமாக எழுதிக்கொண்டு வர முடியுமா? துறை தொடங்கி இத்தனை ஆண்டில் சுற்றுவட்டாரத்தைப் பற்றி, வேறெங்கும் கிடைக்காத எந்தத் தகவல் அதன் பீரோவில் இருக்கிறது? மூன்றாவது கேள்விக்குப் பதில் ஒன்றும் இல்லை என்றால், தேர்ச்சி நூறு விழுக்காடாக இருந்தாலும் அந்தத் துறை தேறவில்லை என்பேன்.

முதல் கேள்வியில் மாதத்தைக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கரும்பு வெட்டுக்குப் போகும் வீட்டுப் பிள்ளை அரவைப் பருவத்தில் வகுப்புக்கு வராமல் போகலாம். மலையிலிருந்து இறங்கிவரும் பெண் ஒரு பேருந்து நின்றுபோனதால் படிப்பையே விட்டிருக்கலாம். கல்யாண மாதத்தில் நிற்பவர்கள் உண்டு. இடைநிற்றல் 20 விழுக்காடு என்ற ஒற்றை எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. தை மாதத்தில் நிற்கிறார்கள் என்று தெரிந்தால் களப்பணியை அந்த மாதத்துக்கு மாற்றலாம். வெட்டுக்குப் போன இடமே அந்த மாணவருக்குக் களமாகட்டும். 2022-ல் வந்த புதுமைப்பெண் திட்டமும் 2024-ல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டமும் மாதம் ஆயிரம் ரூபாய் தருவதால் கல்லூரி வாசலுக்கு வரும் பிள்ளைகள் கூடியிருக்கிறார்கள். வந்தவர்களைத் தக்கவைப்பது துறையின் வேலை.

அடுத்தது மொழி. தமிழ்வழியில் சமூகவியல் படிக்கும் மாணவர் கையில் பெரும்பாலும் ஜெராக்ஸ் நோட்ஸ்தான் இருக்கும். அதில் சமூக அடுக்கமைவு, சமூகமயமாதல், முதன்மைக் குழு என்று இலக்கணச் சுத்தமான சொற்கள் இருக்கும். அந்தச் சொற்கள் எந்தத் தெருவில் நடக்கின்றன என்று இருக்காது. தமிழில் ஒன்றுமே இல்லை என்பதும் பொய். பக்தவத்சல பாரதியின் பண்பாட்டு மானிடவியலும் தமிழகப் பழங்குடிகளும் இருக்கின்றன. தொ. பரமசிவனின் அறியப்படாத தமிழகம் இருக்கிறது. சோறும் உப்பும் உடையும் எப்படி வரலாறு ஆகும் என்று புதிதாக வரும் மாணவருக்குக் காட்ட அதைவிட நல்ல வாசல் இல்லை. கோட்பாட்டாளர்களான காம்தேயும் துர்க்கைமும் வேண்டாம் என்று சொல்லவில்லை. மூன்றாவது மாதத்தில் வரட்டும். அதற்குள் மாணவர் கையில் சொந்தமாக எழுதிய பத்து வீட்டுக் கணக்கு இருக்கட்டும். கையில் கணக்கு இருப்பவருக்குத்தான் கோட்பாடு தேவைப்படும்.

வீட்டுக் கணக்கு எடுப்பது எளிது என்று நினைக்கிறவர்களுக்காக ஒரு வினாவை மட்டும் அருகில் வைத்துப் பார்க்கிறேன். குடும்பத்தில் எத்தனை பேர்? படிவத்தில் ஒரு கட்டம். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆயாவைக் கேட்டால் எட்டு என்பார். மகன் பெங்களூரில் கட்டட வேலையில் இருக்கிறான், பண்டிகைக்கு வருவான். அவனும் அந்த எட்டில் உண்டு. உள்ளேயிருந்து மருமகள் வந்து, நாங்கள் தனிச் சமையல் என்பார். ஒரே கூரை, இரண்டு அடுப்பு. குடும்ப அட்டை ஒன்றா இரண்டா என்று கேட்டால் அது வேறொரு விடை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்களை ஒரு குடும்பம் என்கிறது. அப்படியானால் இது இரண்டு குடும்பம். ஆனால் ஆயாவுக்கு மழைக்காலத்தில் மருமகள் வீட்டுச் சோறு. நல்ல நாளில் தானே பொங்கிக்கொள்கிறார். கட்டத்தில் என்ன எழுதுவது? இந்தத் திண்ணையில் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தவிக்கிற மாணவர், கூட்டுக் குடும்பம், தனிக் குடும்பம் என்ற பாடத்தை அதன் முழுச் சிக்கலோடு கற்றுவிட்டார். நிலமும் இப்படித்தான். படிவம் ஏக்கரில் கேட்கும். பெரியவர் காணியில் சொல்வார். நூறு குழி ஒரு காணி, ஒரு காணி 132 சென்ட் என்று தெரியாமல் அவர் சொன்ன எண்ணை அப்படியே ஏக்கர் என்று எழுதினால் அவருடைய நிலத்தில் கால் பங்கு காணாமல் போகும். பிறகு, பட்டா யார் பேரில், உழுவது யார், புறம்போக்கில் சேர்த்துப் பயிர் வைத்தது எவ்வளவு என்று மூன்று கேள்வி கூடவே வரும்.

ஸ்லேட்டர் முறையில் ஒரு குறை உண்டு. அதைத் திருத்தாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது. 1916-ல் கல்லூரிக்குப் போன மாணவர்கள் பெரும்பாலும் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். சொந்த ஊர் என்பதால் எல்லாம் தெரியும். அதே காரணத்தால் சேரியில் கண்ணில் படாமல் போனவையும் உண்டு. இன்று ஒரே வகுப்பில் ஊர்ப் பிள்ளையும் காலனிப் பிள்ளையும் மலைப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறார்கள். இது 1916-ல் கிடைக்காத வாய்ப்பு. இருவர் இருவராக, வேறு வேறு தெருவைச் சேர்ந்தவர்களாகச் சேர்த்து அனுப்ப வேண்டும். அப்போது எந்த வீட்டில் இருவரையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்தார்கள், எங்கே ஒருவர் மட்டும் வாசலில் நின்றார், யாருக்கு எந்தத் தம்ளரில் தண்ணீர் வந்தது என்பதும் தரவுதான். வாசலில் நிறுத்தப்பட்ட மாணவரை மறுநாள் வகுப்பில் தாங்கிப் பேச ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத ஆசிரியர் களத்துக்கு மாணவர்களை அனுப்பக் கூடாது. என்ன ஆளுங்க என்று நம் ஊரில் சாதாரணமாகக் கேட்டுவிடும் கேள்வியை எப்படிக் கேட்பது, எப்போது கேட்காமல் விடுவது என்பதற்கே இரண்டு வகுப்பு தேவை. கடன் விவரம் அதைவிடக் கூர்மையானது. வாரக் கடன், குழுக் கடன், வட்டிக்கு வாங்கியது எல்லாம் மூன்றாவது முறை போகும்போதுதான் வாயிலிருந்து வரும். எழுதியது வெளியே போகாது என்ற வாக்கு காப்பாற்றப்பட்டாக வேண்டும். பெயர் ஓர் ஏட்டில், விவரம் இன்னோர் ஏட்டில், இரண்டுக்கும் தனித்தனிப் பூட்டு.

மற்ற ஏற்பாடுகள் சிறியவை. ஓராண்டுப் படிப்பில் ஒரு வகுப்புக்கு இருபது மாணவர், ஆளுக்குப் பத்து வீடு என்றால் ஆண்டுக்கு 200 வீடு. அதே வீடுகளுக்கு அடுத்த வகுப்பு மறு ஆண்டு போகும். புதிதாக எடுப்பதைவிடத் திரும்பப் போவதில்தான் பலன்; இருவேல்பட்டு சொல்வதும் அதையே. இதற்குப் பெரிய பணம் வேண்டாம். காந்தியப் பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா 1930 வாக்கில் குஜராத் வித்யாபீடத்து மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மாதர் தாலுகாவையே கணக்கெடுத்தார். கையில் இருந்தது நோட்டும் பென்சிலும்.

வேலை கிடைக்குமா என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்கக் கூடாது. சமூகவியல் பட்டயத்தைக் காட்டினால் கூப்பிட்டு வேலை கொடுக்கும் இடம் இல்லை. மாணவர்களில் பாதிப்பேர் குரூப் 4 தேர்வைக் கண்ணில் வைத்தே வருகிறார்கள். அதில் தவறும் இல்லை. ஆனால் வீடு வீடாகப் போய்க் கேட்டு, எழுதி, கூட்டிக் கழித்து, நாலு பக்க அறிக்கையாக்கத் தெரிந்தவருக்கு இடம் உண்டு. நூறு நாள் வேலைக்கான 2005 சட்டம் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. அதற்குக் கிராம அளவில் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஊராட்சியின் வளர்ச்சித் திட்டம் எழுத, மகளிர் குழுக் கணக்குப் பார்க்க, சுகாதாரக் களப்பணி செய்ய, ஆய்வு நிறுவனங்களுக்குத் தகவல் திரட்ட இதே திறன்தான் வேண்டும். வாழ்க்கைத் திறன் என்று ஒரு பக்கமும் தொழில் திறன் என்று ஒரு பக்கமும் பிரித்து வைத்த சுவர் இந்த ஒரு பாடத்தில் தேவைப்படாது.

எடுத்த கணக்கு கல்லூரிக்குள்ளேயே தங்கிவிட்டால் அதுவும் ஒரு களவுதான். ஊர்க்காரர் தன் பொழுதைக் கொடுத்துச் சொன்னது அது. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதில் ஒரு நாள் மாணவர்கள் எழுந்து நின்று, யார் பேரையும் சொல்லாமல், இந்த ஊரில் இத்தனை வீட்டுக்குக் கழிப்பறையில் தண்ணீர் இல்லை, இத்தனை பேர் பிழைப்புக்கு வெளியூர் போயிருக்கிறார்கள் என்று வாசிக்கட்டும். கூட்டத்தில் ஒருவர் எழுந்து அது தப்பு என்பார். அந்தத் திருத்தத்தையும் நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்லூரி நடத்துகிறவர்களுக்கும் அங்கே சமூக அறிவியல் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது: புதிய படிப்புக்கு அனுமதி வரும்வரை காத்திருக்க வேண்டாம். வருகிற பொங்கல் விடுமுறைக்கு மாணவர்கள் ஊருக்குப் போகும்போது ஆளுக்கொரு வினாத்தாளும் ஒரு நோட்டும் கொடுத்து அனுப்புங்கள். முதல் பக்கத்தில் ஊர்ப் பெயரையும் தேதியையும் எழுதச் சொல்லுங்கள். திரும்பி வந்த நோட்டுகளை யாரும் எடைக்குப் போட்டுவிடாமல் பூட்டி வையுங்கள்.